மின்கம்பி எட்டாத தீவில் கடல்நீர் குடிநீராவது எப்படி? லட்சத்தீவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீரைக் குடிநீராக்குவது என்றதும் சென்னைவாசிக்கு மீஞ்சூரும் நெம்மேலியும் நினைவுக்கு வரும். அவை பெருநகரத்துக்கான ஆலைகள். பக்கத்திலேயே மின்வாரியத்தின் பெரிய லைன், கெட்டுப்போனால் ஒரே நாளில் வந்து சேரும் உதிரிபாகம், கூப்பிட்ட குரலுக்கு மெக்கானிக் என்று எல்லாம் உண்டு. கரையிலிருந்து 200 முதல் 440 கிலோமீட்டர் தள்ளி, அரபிக்கடலில் இருக்கும் லட்சத்தீவுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் 2005-லிருந்து அங்கே கடல்நீர் குடிநீராகிக் கொண்டிருக்கிறது. அதைச் சாதித்தவர்கள் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார். இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

லட்சத்தீவில் நல்ல மழை பெய்யுமே, பிறகு ஏன் குடிநீர்ப் பஞ்சம்?

மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைவிட அதிகம். ஆனால் பெய்த மழை தங்குவதற்கு அங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை, மலையும் இல்லை. எல்லாமே பவளத்தீவுகள். மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். பவள மணலில் விழுந்த மழை நேராக உள்ளே இறங்கிவிடும்.

இறங்கிய நீர் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். தீவுக்கு அடியில் கடல்நீர் ஊறியிருக்கிறது. நன்னீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை இருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு குறுகிய தீவில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நிற்பதே அரிது. அலையும் ஏற்ற இறக்கமும் விளிம்புகளைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் வில்லை இன்னும் மெலிகிறது. மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் கூம்புபோல மேலெழுந்து கிணற்றுக்குள் வந்துவிடும். ஒருமுறை உப்பேறிய கிணறு தெளிய அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கரையோரக் கிணறு ஒன்றில் கடல் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை அளந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வாளி இறங்கும் ஆழம் மாறும், மீட்டரில் எண்ணும் மாறும். அந்தக் கிணறு கடலோடு சேர்ந்து மூச்சு விடுகிறது.

இதோடு செப்டிக் டேங்க் பிரச்சினை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. இடமோ குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் கிணறு, சில அடி தள்ளி கழிவுக்குழி. பவள மணல் எதையும் வடிகட்டி நிறுத்தாது. அதனால் உப்பில்லாத கிணற்று நீரும் நோய்க்கிருமி இல்லாத நீர் என்று சொல்ல முடியாது.

அங்கே இப்போது என்ன ஓடுகிறது?

தாழ்வெப்ப முறையில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையங்கள். முதல் நிலையம் 2005-ல் கவரத்தியில் வந்தது, தினமும் ஒரு லட்சம் லிட்டர். 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் அதே அளவில் இரண்டு. அவை சரியாக ஓடியதைப் பார்த்த பிறகு அமினி, ஆந்த்ரோத், செட்லத், கத்மத், கல்பேனி, கில்தான் ஆகிய ஆறு தீவுகளுக்குத் தலா ஒன்றரை லட்சம் லிட்டர் நிலையங்களுக்குத் திட்டம் போட்டார்கள். கல்பேனி நிலையம் 2020-லும், கத்மத் நிலையம் 2024 ஜனவரியிலும் திறக்கப்பட்டன.

ஒரு லட்சம் லிட்டர் என்பது காதுக்குத்தான் பெரிதாகக் கேட்கும். கவரத்தியில் பதினோராயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். தலைக்கு ஒன்பது லிட்டர்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் போதும், குளிக்கவும் துவைக்கவும் பழைய கிணறுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடிக்கும் நீரையும் புழங்கும் நீரையும் பிரித்ததுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

அடுப்பு இல்லாமல் கடல்நீரை எப்படிக் காய்ச்ச முடியும்?

தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்பது சாதாரணக் காற்றழுத்தத்தில் மட்டும் உண்மை. அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். ஒரு தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி, வெளியழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தால் 22 டிகிரி அளவிலேயே தண்ணீர் கொதிக்கும்.

லட்சத்தீவில் மேற்பரப்புக் கடல்நீர் 28, 29 டிகிரி இருக்கும். அதை அந்த வெற்றிடத் தொட்டிக்குள் விட்டதும் நெருப்பே இல்லாமல் பொங்குகிறது. ஒரு சிறு பகுதி ஆவியாகப் போகிறது, உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. அந்த ஆவியைக் குளிரவைத்தால் நன்னீர். குளிரவைக்க ஐஸா கொண்டுவர முடியும்? அதற்கும் கடல்தான். 350, 400 மீட்டர் ஆழத்தில் கடல்நீர் 12, 13 டிகிரிதான் இருக்கும். அதைக் குழாய் வழியே மேலே ஏற்றி, ஆவி படும் குழாய்க்கற்றைகளுக்குள் ஓடவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். வெதுவெதுப்பான நீர் ஏழெட்டு டிகிரி குளிரும்போது அதில் ஒரு சதவீதம் சொச்சம்தான் ஆவியாகும். அதாவது ஒரு குடம் நன்னீருக்கு நூறு குடம் அளவுக்குக் கடல்நீரை உள்ளே விட்டு வெளியே அனுப்ப வேண்டும். இந்த முறையில் மின்சாரச் செலவு கொதிக்கவைப்பதில் இல்லை. அவ்வளவு நீரை இறைப்பதிலும், வெற்றிடம் கலையாமல் காப்பதிலும்தான் போகிறது.

உப்பைச் சவ்வில் வடிகட்டி எடுக்கும் ஆர்ஓ ஆலை போட்டிருக்கலாமே? கரண்டும் குறைவாகத்தானே ஆகும்?

ஆகும் மின்சாரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆர்ஓதான் ஜெயிக்கும். பெரிய ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட்டில் முடித்துவிடுகின்றன. சின்ன ஆலைக்கு, அதுவும் வெளியேறும் நீரின் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவி இல்லாவிட்டால், அதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அப்போதும் தாழ்வெப்ப முறையோடு போட்டி போட முடியும்.

ஆனால் தீவுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி யூனிட் கணக்கு அல்ல. ஒரு மாதம் கப்பல் வராவிட்டால் இந்த நிலையம் ஓடுமா என்பதுதான். ஜூனிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது தீவுகளுக்கான போக்குவரத்து வெகுவாகச் சுருங்கிவிடும். அந்தக் கேள்வியை ஆர்ஓவிடம் கேட்டுப் பாருங்கள். கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே, அதாவது நன்னீரைச் சவ்வைத் தாண்ட விடாமல் பிடித்துவைக்கும் அழுத்தமே, 27 பார் அளவு; காற்றழுத்தத்தைப்போல சுமார் 27 மடங்கு. அதை மீறித் தள்ள 55, 60 பார் அழுத்தம் தரும் பம்பு வேண்டும். அந்தப் பம்பின் சீல் தேயும். சவ்வில் பாசியும் கிருமிப்படலமும் படியும். அதைக் கழுவ ரசாயனம் வேண்டும், படிவு கட்டாமல் இருக்க வேறொரு மருந்து வேண்டும். சவ்வுக்கு முன்னால் உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் புதிதாகப் போடும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். கரையோரத்தில் கலங்கல் அதிகமான நாட்களில் சீக்கிரமே பழுப்பேறி வழுவழுத்துவிடும். மாற்று ஃபில்டர் ஸ்டோரில் இல்லையென்றால் சிலர் அதையே அலசிப் போடுவார்கள், சிலர் ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவார்கள். அத்தோடு சவ்வும் போய்விடும். உலகம் முழுக்கச் சிறு தீவுகளில் நன்கொடையாக வந்த ஆர்ஓ பெட்டிகள் துருப்பிடித்து நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு வேண்டிய சரக்கு வந்து சேர்வதில்லை.

தாழ்வெப்ப நிலையத்தில் சவ்வு கிடையாது. ஆழ்கடல் நீரில் பாசியும் கலங்கலும் குறைவு, வெப்பமும் குறைவு என்பதால் படிவு அவ்வளவாகக் கட்டாது. இருப்பவை பம்பு, வெற்றிடப் பம்பு, தொட்டி, குழாய். கேஸ்கெட் ஒன்று கசிந்து காற்று உள்ளே போனால் உற்பத்தி படுத்துவிடும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும் தீவிலேயே இருக்கும் ஃபிட்டர் ஒருவர் கற்றுக்கொண்டு செய்துவிடக்கூடிய வேலை அது.

டீசல் கப்பலில்தானே வருகிறது? அப்படியென்றால் கப்பலை நம்பித்தானே இருக்கிறார்கள்?

ஆமாம், இந்தத் திட்டத்தின் பலவீனமான இடம் இதுதான். லட்சத்தீவுக்கு மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான். டீசல் கேரளக் கரையிலிருந்து போகிறது. சவ்வையும் ரசாயனத்தையும் கப்பலில் கொண்டுவரும் கவலை தீர்ந்தது, எண்ணெய் கொண்டுவரும் கவலை மிச்சம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டருக்கு ஐந்து யூனிட் என்று ஒரு திறமான சின்ன ஆர்ஓ ஆலையை எடுத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு 500 யூனிட். ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் தரும். நாளுக்கு 150 லிட்டர் டீசல். தாழ்வெப்ப முறைக்கு இன்னும் கூடும். தண்ணீரைக் கப்பலில் கொண்டுவருவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டீசல் இல்லாமல் ஓடும் நாள் வந்தால்தான் இதைத் தற்சார்பு என்று சொல்ல முடியும்.

சோலார் போட்டால் முடிந்ததே?

பாதி முடியும். அதே 500 யூனிட்டுக்கு, ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும் என்று வைத்தால் 125 கிலோவாட் பேனல் வேண்டும். கிலோவாட்டுக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் சுமார் 30 சென்ட் இடம். நிலப்பரப்பில் இது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சென்ட்டிலும் தென்னையும் வீடும் நிற்கிற தீவில் 30 சென்ட் என்பது பெரிய பேச்சு. பள்ளிக்கூடம், துறைமுகக் கொட்டகை என்று அரசுக் கூரைகளை முதலில் பிடிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஸ்டாண்டும் போல்ட்டும் அரிக்கும் வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரவுக்கு பேட்டரி வேண்டாமா என்று அடுத்த கேள்வி வரும். குடிநீருக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வெயில் இருக்கும்போது ஆலையை ஓட்டி, மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரைச் சேமிக்கலாம். கான்கிரீட் தொட்டி ஐம்பது வருடம் நிற்கும், பேட்டரி நிற்காது. ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் நிறுத்தி ஓட்டும் ஆர்ஓவில், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சவ்வை நன்னீரால் அலசிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தை ஆபரேட்டரின் ஞாபகத்துக்கு விடாமல் தானியங்கி வால்வில் வைத்துவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் பல நாள் மேகமூட்டம் இருந்தால்? அப்போதுதான் கூரையிலிருந்து மழைநீர் வருகிறதே. வெயில் குறையும் மாதங்களும் மழை கொட்டும் மாதங்களும் ஒன்றாக இருப்பது தீவுக்குக் கிடைத்த வரம்.

கடலின் வெப்பத்திலிருந்தே மின்சாரம் எடுக்கப் போவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. கவரத்தியில் 65 கிலோவாட் திறனில் அப்படி ஒரு நிலையத்தைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைத்துவருகிறது. தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கத் தேவையான மின்சாரத்தைக் கடலிலிருந்தே எடுப்பதுதான் நோக்கம். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்ச்சி என்ற அதே வித்தியாசத்தைக் கொண்டு, எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தை ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றி, மறுபடி குளிரவைப்பார்கள்.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரி வித்தியாசத்தில் இயற்கை விதியே ஏழு சதவீதத்துக்கு மேல் திறன் தர விடாது. பம்புக்குப் போனது போக நடைமுறையில் இரண்டு மூன்று சதவீதம் கிடைத்தால் பெரிது. இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும் என்பதால் குழாயும் இன்னும் ஆழம் போக வேண்டும். ஆனால் இந்த எரிபொருள் இரவும் பகலும் கிடைக்கும், மழையிலும் கிடைக்கும், கப்பலில் வர வேண்டியதில்லை. ஒரு தீவின் குடிநீருக்கு அந்த இரண்டு சதவீதம் போதும் என்றால் அதைச் செய்து பார்க்கத்தான் வேண்டும்.

இதில் மிகக் கடினமான பகுதி எது?

குழாய். சந்தேகமே இல்லாமல் குழாய்தான்.

கவரத்தியில் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் குழாய் சுமார் 600 மீட்டர் நீளம். கறுப்பு நிற ஹெச்டிபிஇ பிளாஸ்டிக், ஒரு ஆள் உள்ளே தவழ்ந்துபோகிற குறுக்களவு. துண்டு துண்டாகக் கொண்டுவந்து, முனைகளைச் சூடாக்கி ஒட்டி, ஒரே குழாயாக்குகிறார்கள். அமைதியான காயலில் மிதக்கவிட்டு, பாறைத்திட்டைத் தாண்டிப் படகுகள் இழுத்துப்போகின்றன. பிறகு ஒரு முனையில் நீரை விட்டு மெதுவாக அமிழ்த்த வேண்டும். காற்றோ நீரோட்டமோ அந்த நேரத்தில் மாறினால் குழாய் மடங்கிவிடும். மடங்கினால் அவ்வளவு உழைப்பும் கடலோடு போகும். அதனால் கடல் அமைதியாக இருக்கும் சில மாதங்கள்தான் இந்த வேலைக்கு. ஒரு பருவம் தவறினால் அடுத்த வருடம்.

இந்தப் பாடத்தை அவர்கள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால், சாகர் சக்தி என்ற மிதவைக்கலத்தில் ஒரு மெகாவாட் கடல்வெப்ப மின்நிலையம் அமைக்க முயன்றபோது, நீளமான குளிர்நீர்க் குழாயை இறக்குவதில்தான் தோற்றார்கள். அதே கலத்தை வைத்துக்கொண்டு 2007-ல் சென்னைக்கு அப்பால் கடலில், தினம் பத்து லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் சோதனையைச் செய்து காட்டினார்கள்.

அப்படியென்றால் ராமேஸ்வரத்துக்கும் இதையே போடலாமா?

முடியாது. லட்சத்தீவு கடலுக்கடியில் எழுந்த மலையின் உச்சி. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் கடல் 400 மீட்டர் ஆழம் போய்விடுகிறது. பாக் நீரிணையில் எங்கே தேடினாலும் அந்த ஆழம் கிடைக்காது. சென்னையிலும் குளிர்ந்த ஆழ்நீருக்குப் பல பத்துக் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். வேண்டுமானால் அனல்மின் நிலையம் வெளியே விடும் சுடுநீரை வெதுவெதுப்பான பக்கமாகவும், கடல்நீரைக் குளிர்ந்த பக்கமாகவும் வைக்கலாம். வடசென்னை அனல்மின் நிலையத்தில் அப்படிச் சின்ன அளவில் செய்திருக்கிறார்கள்.

நெடுந்தீவு போன்ற யாழ்ப்பாணத் தீவுகளுக்கு எது பொருந்தும்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இலங்கையின் தேசிய மின்கட்டமைப்போடு சேராதவை, டீசலில் ஓடுபவை. சுற்றியுள்ள கடல் ஆழமற்றது, எனவே தாழ்வெப்ப முறைக்கு வழியில்லை, ஆர்ஓதான். இந்த மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் சூரியசக்தி, காற்றாலை, பேட்டரி, டீசல் சேர்ந்த கலப்பு மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தமாகியிருக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கைக் குடிநீருக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மேலும், நேராகக் கடல்நீரை எடுப்பதைவிட, சற்றே உவர்த்த கிணற்றுநீரை எடுத்தால் ஆர்ஓவுக்கு அழுத்தமும் மின்சாரமும் பாதிக்கும் கீழே போகும். அளவோடு இறைத்தால் மட்டும்.

இருநூறு, முந்நூறு பேர் இருக்கும் தீவுக்கு?

லட்சத்தீவிலேயே பித்ராவில் 2011-ல் 271 பேர்தான். தலைக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளுக்கு 1,400 லிட்டர்கூட வராது. அதற்கு ஆழ்கடல் குழாய் போடுவது வீண். மழைத்தொட்டிகளும், கோடைக்கென்று சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்ன ஆர்ஓ ஒன்றும் போதும்.

கண்ணாடி மூடிய சூரிய வடிகலனையும் சிலர் கேட்கிறார்கள். சதுர மீட்டருக்கு நாளுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் கிடைக்கும். சிலியின் லாஸ் சலினாஸில் 1872-லேயே சுமார் 4,700 சதுர மீட்டரில் இப்படி ஒன்று அமைத்துச் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வேலை செய்யும், இடம்தான் தின்னும்.

ஒரு லிட்டருக்கு என்ன செலவாகிறது?

தீவு நிலையங்களில் இயக்கச் செலவு லிட்டருக்குச் சுமார் 61 காசு என்று அரசு சொல்லியிருக்கிறது. கட்டுமானச் செலவு தனி. நகரத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்குப் பக்கம் வரும். ஆனால் ஒப்பிட வேண்டியது நகரத்தோடு அல்ல, கப்பலில் வரும் தண்ணீர் பாட்டிலோடு.

காய்ச்சி வடித்த நீரைத் தினமும் குடிக்கலாமா?

குடிக்கலாம். வெறும் வடிநீர் சப்பென்று இருக்கும், குழாயையும் அரிக்கும். அதனால் கொஞ்சம் தாது சேர்த்து, குளோரின் போட்டு அனுப்ப வேண்டும். ஆர்ஓ நீரில் கவனிக்க வேண்டியது போரான். கடல்நீரில் லிட்டருக்கு நான்கரை, ஐந்து மில்லிகிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2.4. பழைய சவ்வு அதை நன்றாகத் தடுக்காது என்பதால் டிடிஎஸ் மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

கழிவுநீர் பவளத்தைக் கெடுக்காதா?

ஆர்ஓ வெளியே விடும் நீரில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். அலையில்லாத காயலுக்குள் அதை விட்டால் அடியில் தேங்கிவிடும். வெளிப்பக்கம், நீரோட்டம் உள்ள இடத்தில் விட வேண்டும். தாழ்வெப்ப முறையில் உப்பு ஒரு சதவீதம்தான் கூடும், அது பிரச்சினையே இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஆழ்நீரில் நைட்ரேட், பாஸ்பேட் அதிகம். அதைக் காயலில் கொட்டினால் பாசி வளர்ந்து பவளத்தை மூடும். 1998, 2010, 2016, 2024 என்று வெளிறல் (கடல் சூடாகிப் பவளம் நிறமிழந்து நலிவது) அடுத்தடுத்துத் தாக்கிய பவளத்துக்கு இன்னொரு சுமையைத் தரக் கூடாது. பவளம் செத்தால் தீவைக் காக்கும் அலைத்தடுப்பே போய்விடும்.

நிலையம் வந்துவிட்டதால் கிணற்றையும் மழைத்தொட்டியையும் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். 2014 டிசம்பர் 4 அன்று மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கடல்நீர் ஆலையில் தீப்பிடித்தது. நகரமே அந்த ஓர் ஆலையை நம்பியிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் குடிநீரின்றி நின்றார்கள். இந்தியா விமானத்திலும், ஐஎன்எஸ் சுகன்யா, ஐஎன்எஸ் தீபக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. அத்தனை பெரிய நகரத்துக்கே அந்த நிலை என்றால் சின்னத் தீவை நினைத்துப் பாருங்கள்.

மழைத்தொட்டிக்குக் கணக்கு எளிது. 50 சதுர மீட்டர் கூரையில் 1,600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 80,000 லிட்டர். சேதாரம் போக 60,000 கைக்கு வரும். ஐந்து பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால், மழையில்லாத ஐந்து மாதத்துக்கு 6,000 லிட்டர் தொட்டி போதும். முதல் மழையைக் கூரை கழுவிப் போக விட்டுவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். கொசு புகாத வலை போட வேண்டும். கிணற்றில் அதிகக் குதிரைத்திறன் கொண்ட மோட்டார் வேண்டாம், வாளியோ கைப்பம்போ சின்ன மோட்டாரோ போதும். கழிவுக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அடியில் கசியாத தொட்டியாக மாற்றிக் கட்டுவதற்கு ஊராட்சியில் பணம் கேளுங்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கும் நிதியோடு சேர்த்தே கேளுங்கள்.